அந்தக் காத்து இல்லீங்க

ஒக்சிஜன் மாஸ்க்கை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் மருந்தாக நினைப்பதில்லை. கொரோனா நேரத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து மாஸ்க்கோடு அம்புலன்ஸில் ஏறியவர்களில் எனக்குத் தெரிந்த யாரும் நடந்து திரும்பவில்லை. அதனால் கொழும்பு ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ மேசையில் என்னைப் படுக்க வைத்து, அந்தப் பிளாஸ்டிக் மூடியை மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்துப் பொருத்தியபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். சொல்லாமல் கொள்ளாமல் என் கதையை முடிக்கப் போகிறார்கள்.

முடிக்கவில்லை. படம் எடுத்தார்கள். ஆனால் அந்தப் பயம் அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்ததுதான், பிறகு எழுந்து போகவே இல்லை.

எனக்கு வந்தது நாக்கில் புற்றுநோய். குளிருக்கென்று பழகிய வெற்றிலையும் புகையிலையும் செய்த வேலை என்றார் டாக்டர். முதல் தடவை கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். லயத்தில் அதைக் ‘கரண்டு புடிக்கிறது’ என்பார்கள். வாயெல்லாம் வெந்து, கஞ்சி கூட இறங்காமல் கிடந்தேன். ஆனாலும் கட்டி கரைந்தது. பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பினேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அது கையால் செய்கிற வேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். வாயால் செய்கிற வேலை அது. அதட்ட வேண்டும், கொஞ்ச வேண்டும், தூங்குகிறவரை ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். என் வாய்க்குத் தோட்டத்தில் பேர் உண்டு. கங்காணி கூட என்னைத் தூரத்தில் கண்டால் குறுக்குப் பாதையில் இறங்கிவிடுவார்.

அந்த நாக்கில், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள், அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது. இந்த முறை வேகமாக வளர்ந்தது. முதலில் ‘ர’ போனது, பிறகு ‘ல’வும் ‘ழ’வும் போயின. பிள்ளைகள் நான் பேசுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, பின்பக்கம் போய் அழுவேன்.

திரும்பி வந்த கட்டிக்கு இரண்டு வழிதான் என்றார் டாக்டரம்மா. மறுபடியும் கதிர், இல்லையென்றால் நாக்கை எடுத்துவிடுவது. பாதியாவது மிஞ்சாதா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். பிறகு இந்த ஸ்கேனைப் பற்றிச் சொன்னார். எல்லோருக்கும் எடுக்கிற படம் இல்லை, ஆராய்ச்சிக்காக எடுப்பது, விருப்பமிருந்தால் மட்டும் வரலாம். கதிர் வேலை செய்ய வேண்டுமென்றால் கட்டிக்குள் ஒக்சிஜன் இருக்க வேண்டுமாம். முதலில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க விட்டு ஒரு படம், பிறகு மாஸ்க்கில் சுத்தமான ஒக்சிஜனைக் கொடுத்து இன்னொரு படம். இரண்டையும் ஒப்பிட்டால், ஒக்சிஜன் கட்டியின் எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கம் போகவில்லை என்று தெரியும். கல்யாணத்துக்கு முன்பு நுவரெலியாவில் புடவைக் கடையில் நின்றவள் நான். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் சொன்னது அத்தனையும் விளங்கியது. விளங்கியதுதான் வினை.

குழாய்க்குள் முகத்தின் மேல் ஒரு கூண்டைக் கவிழ்த்தார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து. தாங்க முடியாவிட்டால் அமுக்கச் சொன்னார்கள். தகரத்தில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். எச்சில் விழுங்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் மாஸ்க்கில் காற்று மாறியது. குளிர்ந்தது மாதிரி இருந்தது, அல்லது என் பிரமை. அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மூச்சை இழுத்து இழுத்து, அதை நாக்குப் பக்கம் தள்ளிப் பார்த்தேன். போ, உள்ளே போ, என் ராசா இல்லையா, போ என்று, சோறு தின்ன மாட்டேனென்கிற பிள்ளையிடம் கெஞ்சுகிற மாதிரி அந்தக் காற்றிடம் கெஞ்சினேன்.

படத்தைக் காட்டிய அன்று அவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் என் நாக்கு. ஓரங்களில் மஞ்சளும் சிவப்புமாக நிறம் ஏறியிருந்தது. நடுவில் கரும் நீலம். “எதுலட்ட ஒக்சிஜன் யன்னே நே” என்றார். உள்ளே ஒக்சிஜன் போகவே இல்லை. இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டோம், மற்ற டாக்டர்களும் கூடிப் பேசுவார்கள் என்றும் சொன்னார். ஆனால் மறுபடியும் கதிர் கொடுத்தால் அந்த நீல இடம் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

வெளியே என் வீட்டுக்காரர் பெஞ்சில் இருந்தார். தேயிலை ஃபெக்டரியில் வேலை. நாங்கள் அதை ஸ்டோர் என்போம். அவருடைய சிங்களம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கத்தான் போதும். உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டு, என்னைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த தமிழ் அட்டெண்டன்ட் பாவம், நல்ல மனசோடு அவருக்கு விளக்கினார்.

“கட்டிக்குள்ள காத்து இல்லையாம், ஐயா.”

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

ஏன் என்று சொல்ல வேண்டும். கட்டி திரும்பி வந்த நாள் முதல் என் மாமியார் ஒரே பிடியில் நின்றார். மருந்துக்கு அடங்காமல் திரும்பி வருகிறதென்றால் அது காத்து கருப்புதான். உச்சி நேரத்தில் ஆற்றுப் பக்கம் தனியாகப் போனவளைக் காத்து அடித்துவிட்டது. லயத்தில் பாதிப்பேர் அதை நம்பினார்கள். சிலர் பிள்ளைகளை என்னிடம் விடவே தயங்கினார்கள். இப்போது கொழும்பிலேயே சொல்லிவிட்டார்கள், காத்து இல்லை என்று.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்னால் முடிந்த வரையில் தெளிவாகச் சொன்னேன்.

“அந்தக் காத்து இல்லீங்க!”

“அதான் புள்ள, அந்தக் காத்து இல்ல!” என்றார் அவர், சந்தோஷத்தோடு.

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் ஆமோதித்தார். வேறு மாதிரி நீட்டிச் சொல்லப் பார்த்தேன், குழறியது. “என்னா? என்னா சொல்ற?” என்று காதைக் கொண்டு வந்தார். அதற்குள் ஃபோனில் மாமியார். “ஆத்தா, காத்து இல்லன்னுட்டாங்க!” அந்த நடைபாதையில் நின்று, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் பொங்கல். ஸ்டோர் வாசலில் காவல் தெய்வமாக இருக்கும் ரோதமுனிக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, லயத்துக்கே இலையில் வைத்துக் கொடுத்தார் மாமியார். என்னைக் கட்டிப் பிடித்து, “இனிமே மருந்து கேக்கும் தாயி, கரண்டு புடிச்சா போதும்” என்றார். பிள்ளைகளை அனுப்பத் தயங்கியவர்கள் தாங்களே கொண்டு வந்து என் மடியில் போட்டார்கள். நான் பொங்கலை வாயில் வைத்து, விழுங்க முடியாமல், முந்தானையில் துப்பினேன். ரோதமுனியிடம் நன்றி சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பயமாயிருக்கு சாமி, பயமாயிருக்கு என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. அதே அட்டெண்டன்ட். டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள், நாக்கை எடுக்கத்தான் வேண்டும், அட்மிட் ஆக வரச் சொல்கிறார்கள் என்றார். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “காத்து இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? பெறவு எதுக்கு நாக்க வெட்டணும்? கரண்டு வைங்க, வர்றோம். வெட்ட வரமாட்டோம்.” ஃபோனை வைத்துவிட்டு, பெரிய காரியம் செய்தவர் போல என்னைப் பார்த்தார்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. சாவுக்குப் பயந்தேன், நாக்கு போவதற்கு அதைவிடப் பயந்தேன். இவர் வேண்டாமென்கிறார், லயமே வேண்டாமென்கிறது, நான் என்ன செய்ய என்று ஒதுங்கிக்கொள்ள நல்ல இடம் கிடைத்திருந்தது. ஒரு வாரத்துக்கும் மேலாக அதற்குள்ளேயே இருந்தேன். ஆனால் கட்டி சும்மா இருக்கவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது. ஒரு காலையில் காம்பராவில் ஒரு கைக்குழந்தை தொட்டிலிலிருந்து தலை தொங்கியபடி விழப் போனது. பக்கத்தில் நின்ற பெரிய பிள்ளையைப் பார்த்து, பிடி என்று கத்தினேன். வெறும் சத்தம்தான் வந்தது. அந்தப் பிள்ளை மிரண்டு என்னையே பார்த்து நின்றது. நான் ஓடித்தான் பிடித்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. எந்த நாக்கைக் காப்பாற்ற ஒளிந்துகொண்டிருக்கிறேனோ அது ஏற்கெனவே போய்விட்டது. இனிப் போக மிச்சமிருப்பது நான்தான்.

அன்று மத்தியானம் அவர் வேலை முடிந்து வந்து, லயத்துக்குப் பின்னால் முட்டைக்கோவாப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் எதிரே போய்க் குந்தினேன். ஒக்சிஜன், படம், நீலம் என்று ஆரம்பித்தால் விடிந்துவிடும். அவர் வேலை செய்வது கொழுந்து வாட்டுகிற மாடியில். நீளத் தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். கையை நிறைய உயர்த்திக் காட்டிக் கேட்டேன்.

“தொட்டியில கொழுந்த இவ்வளவு கனமா போட்டா?”

மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“அப்புடி போடக் கூடாது. நடுவுல காத்து ஏறாது.”

“ஏறாட்டி?”

“நடுக் கொழுந்து வாடாது. மேலயும் ஓரத்துலயும் மட்டுந்தான் வாடும். நடுவுல அப்புடியே பச்சையா கெடக்கும்.”

நான் வாயைத் திறந்து, நாக்கைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் பிடுங்கிய களை கையிலேயே இருந்தது. என்னைப் பார்த்தார், ஸ்டோர் இருக்கும் பக்கம் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். முகம் சாம்பலாகிப் போனது. அட்டெண்டன்டைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“அப்ப அந்தக் காத்து இல்லையா” என்றார். நான் ஆஸ்பத்திரியில் சொன்னதை இப்போதுதான் கேட்கிறவர் போல.

தலையாட்டினேன்.

“கரண்டு புடிச்சா நடுவுல உள்ளது அப்புடியே கெடக்குமா?”

அதற்கும் தலையாட்டினேன். அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஃபோனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். வர்றோம், நாளைக்கே வர்றோம், அன்னைக்குப் பேசினத மனசுல வச்சுக்காதீங்க என்றார். ஃபோனைச் சட்டைப் பையில் போடப் பார்த்தார். இரண்டு தடவை தவறியது.

“புள்ள” என்றார். “என்னைய ஒரு தடவ நல்லா திட்டு.”

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனை நான் திட்டாத நாளில்லை. குடித்ததற்கு, குடையைத் தொலைத்ததற்கு, ஒன்றுமே செய்யாததற்கு. எத்தனையோ வார்த்தைகள் கைவசம் இருந்தன. அதில் ஒன்றைக்கூட அன்றைக்குக் காணவில்லை. அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

“பயமா இருக்குங்க” என்றேன்.

என்ன என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

“எனக்குந்தான் புள்ள” என்றார்.