பூஜைக்குக் கழுவிய கீபோர்டுகள்

கம்ப்யூட்டர் லேபுக்குள் போகும்போது செருப்பை வெளியே விட வேண்டும். அதனால் என் கால் மெட்டியை முதல் நாளே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பி.காம். முதல் வருடத்தில் கல்யாணமானவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பிளஸ் டூ முடித்த கையோடு சுடிதாரில் வந்த பெண்கள். நான் பிளஸ் டூ முடித்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்குப் பல் முளைக்கும் சமயத்தில் புடவையில் வந்து உட்கார்ந்தேன். அவர்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். லேப் பார்த்துக்கொண்ட மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. மேடமும் என்னை "நீங்க" என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் வேறு யாருக்கும் அந்த "நீங்க" கிடையாது.

வீடு திருப்புலிவனத்தில். காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்து மாமியாரிடம் விட்டுவிட்டு, உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடிப்பேன். மாமியார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். எனக்காக அதை நிறுத்திவிட்டு என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டார். என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் சேர்ந்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்:

"படி, வேணாங்கல. ஆனா அரியர் கிரியர்னு இழுத்துக்கினு இருக்கக் கூடாது. ஒரு பேப்பர் நின்னாலும் நிறுத்திக்கலாம். அம்மாவும் எத்தினி நாளைக்குத்தான் பாத்துப்பாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நியாயமாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

மற்ற பாடங்களில் எனக்குப் பயமில்லை. கணக்குப்பதிவியல் எனக்கு வரும். பயமெல்லாம் வணிகக் கம்ப்யூட்டர் பாடத்தில்தான், அதிலும் பிராக்டிகலில். கடிதம் அடிப்பது, அட்டவணை போடுவது, எக்ஸெல்லில் சம்பளப் பட்டியல் தயாரிப்பது என்று ஆரம்பப் பாடம்தான். ஆனால் மௌஸை நகர்த்தினால் அம்பு ஒரு பக்கம் போகும், என் கண் இன்னொரு பக்கம் தேடும். பக்கத்துப் பெண் ஒரு கடிதத்தை முடித்துவிட்டு நகம் கடித்துக்கொண்டிருக்கும்போது நான் தேதியில் இருப்பேன். லேபில் ஏ.சி. வேறு. அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கும்போது, வீட்டில் குழந்தை பால் குடிக்கும் நேரம் வந்தால் எனக்குத் தானாகப் பால் சுரந்துவிடும். முந்தானையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் டைப் அடிப்பேன். மேடம் பார்த்துவிட்டு ஃபேனை நிறுத்திவிட்டுப் போவார்கள். ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று செய்தார்கள் போலும்.

இப்படி இருந்த எனக்கு அந்த லேபில் ஒருநாள் மதிப்பு வந்தது. ஆயுதபூஜைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது மேடம் வகுப்பில் சொன்னார்கள்.

"லீவுக்கு முந்தின நாள் நம்ம லேப்ல பூஜை. கரஸ்பாண்டன்ட் சார் வர்றாரு. சிஸ்டம் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, பொட்டு வச்சு ரெடியா வைக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார்கள். "அக்கா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீங்களே முன்னாடி நின்னு பாத்துக்கங்க."

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு நாளில் புடவையும் மெட்டியும் எனக்குத் தகுதியாகத் தெரிந்தன.

பூஜைக்கு முதல் நாள் மதியம் பெண்கள் பழைய பேப்பரால் திரையைத் துடைத்தார்கள். நான் கீபோர்டுகளைப் பார்த்தேன். எழுத்துகளுக்கு நடுவில் தூசி, முடி, பிஸ்கட் தூள் என்று என்னென்னவோ. எங்கள் வீட்டில் ஆயுதபூஜைக்கு மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை, மோட்டார் கொட்டகையின் ஸ்பேனர், என் கணவரின் சைக்கிள், காய் நறுக்கும் அரிவாள்மனை வரை எல்லாவற்றையும் கழுவித்தான் பொட்டு வைப்போம். கழுவாத சாமானுக்குப் பொட்டு வைத்தால் மாமியார் அதை அழித்துவிட்டு மறுபடி கழுவ வைப்பார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"இத பேப்பர்ல தொடச்சா போவாது. கயட்டிக் குடுங்க" என்றேன்.

"கழுவலாமாக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பூஜைக்கு வைக்கிற சாமான கயுவாம வைப்பாங்களா?" என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது.

கரண்ட்டில் இருக்கும்போது தண்ணீர் படக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கழற்றச் சொன்னேன். கழற்றிவிட்டால் அதுவும் ஒரு சாமான்தான் என்று நினைத்தேன். பெண்கள் வரிசையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வராந்தாக் குழாயடியில் உட்கார்ந்து, சோப்புத் தூள் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். கறுப்பாக அழுக்கு ஓடியது. எழுத்துகள் புதுசு போலத் தெரிந்தன. கைப்பிடிச் சுவரில் கவிழ்த்துக் காய வைத்தோம். மேடம் பூ வாங்க பஜாருக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் வானம் மூட்டம் போட்டுக்கொண்டது. வெயில் சரியாக இல்லை. துணியால் ஒற்றி எடுத்து அதது இடத்தில் மாட்டிவிட்டு பஸ் ஏறினேன். அன்று வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நானே சந்தனம், குங்குமம் வைத்தேன். பொரி, கடலை, சுண்டல், சாம்பிராணி எல்லாம் தயார். கரஸ்பாண்டன்ட் சார் வந்தார். தீபாராதனை நேரத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அந்த லேபின் வழக்கம். மேடம் மெயின் சுவிட்சைப் போட்டார்கள். பெண்கள் ஒவ்வொன்றாக ஆன் செய்தார்கள். நான் மணி அடித்தேன்.

ஒரு கம்ப்யூட்டர் பீப் என்றது. அடுத்தது பீப் பீப் என்றது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டு நிறுத்தாமல் கத்த ஆரம்பித்தன. கற்பூரத் தட்டோடு நின்ற கரஸ்பாண்டன்ட் சார் பூஜைக்கென்று ஏற்பாடு செய்த சத்தம் என்று நினைத்தார் போலும், கண்ணை மூடிக் கும்பிட்டார். மேடம் மட்டும் முகம் வெளுத்துப்போய் ஒவ்வொரு திரையாக ஓடிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் கீபோர்டு கோளாறு என்று ஒரே வரி. ஒரு கீபோர்டைத் தூக்கினார்கள். அதிலிருந்து மேஜைமேல் தண்ணீர் சொட்டியது.

"யாரு இத..." என்று ஆரம்பித்த மேடம் என் கையைப் பார்த்தார்கள். நான் இன்னும் மணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் மேடம். பூஜைக்குன்னு கழுவினேன்."

கரஸ்பாண்டன்ட் சார் சிரித்துவிட்டார். "வூட்ல டிவியயும் இப்படித்தான் கழுவுவியாம்மா?" என்றார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு மேடம் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்கள். "விடுங்க. கொஞ்சம் பாத்துச் செஞ்சிருக்கலாம். என் தப்பும்தான், நான் கூட இருந்திருக்கணும்." திட்டியிருந்தால் அழுதிருப்பேன். பொரியை வாயில் போட்டுக்கொண்டு நின்றேன்.

லீவு முடிந்து போனபோது சில கீபோர்டுகள் காய்ந்து பிழைத்திருந்தன. சில செத்துப்போயிருந்தன. சில பாதி உயிரோடு இருந்தன. ஒன்றில் 'எம்' வராது, இன்னொன்றில் ஒருமுறை அழுத்தினால் நாலுமுறை விழும். இரண்டு இரண்டு பேராக ஒரு கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார்கள். பிராக்டிகல் பரீட்சை நெருங்கிய நேரம். தன் முறைக்குக் காத்திருந்த பெண்கள் என்னைக் குறை சொல்லவில்லை, கிண்டல்தான் செய்தார்கள்.

"இன்னாக்கா, மௌஸுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டலயா?"

"ஏய் சும்மாரு. அக்கா தீபாவளிக்குப் பண்ணிக்கலாம்னு கீறாங்க."

நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த லேப் வகுப்புக்குப் போகவில்லை. கல்லூரிக்குப் போனேன், அந்த ஒரு மணி நேரம் மட்டும் பஸ் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த வகுப்புக்கும் போகவில்லை. மேடம் கேட்டபோது குழந்தைக்கு ஜுரம் என்று சொன்னேன்.

அந்த வாரமே குழந்தைக்கு ஜுரம் வந்தது.

பல் முளைக்கும்போது வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. நல்லா இருந்த பிள்ளையை என் வாயால் படுக்க வைத்துவிட்டேன் என்று தோன்றியது. குழந்தை என் தோளில் அனலாகக் கிடந்தபோது, ஒரு கிண்டலுக்குப் பயந்து இதைச் சொன்னோமே என்று என்னை நானே நொந்துகொண்டிருந்தேன். மாமியாருக்கு ஒன்றும் தெரியாது. "இன்னாத்துக்கு இப்படி மொகத்த வச்சிக்கினு கீற. கொயந்தைக்கு ஜொரம் வராதா? பரிச்ச வருதில்ல, நீ காலேஜ் போ, நான் பாத்துக்கறேன்" என்றார். ஜுரம் விடும்வரை நான் போகவில்லை. கடைசி லேப் வகுப்பும் அப்படியே போயிற்று.

பரீட்சையன்று வேறு கல்லூரியிலிருந்து ஒரு சார் தேர்வாளராக வந்திருந்தார். பதிவு எண் வரிசைப்படி உட்கார வைத்தார்கள். எனக்கு வந்த கேள்வி சம்பளப் பட்டியல். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பிடித்தம், நிகரம். எண்களை எல்லாம் அடித்து முடித்துவிட்டேன், அது எனக்கே ஆச்சரியம். இனி ஃபார்முலா. ஃபார்முலா போட முதலில் சமக்குறி அடிக்க வேண்டும். அடித்தேன். விழவில்லை. மறுபடி அடித்தேன். விழவில்லை.

கீபோர்டைப் பார்த்தேன். மூலையில் குங்குமக் கறை இருந்தது.

கையைத் தூக்கி மேடத்தைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அந்த சார் வருவார், என்ன ஆயிற்று என்று கேட்பார், முழுக் கதையும் மறுபடி அந்த அறையில் ஓடும். கூப்பிடாவிட்டால் இந்தப் பேப்பர் போகும், அதோடு படிப்பும் போகும். இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் என் கை எழவில்லை. கூட்டல் கழித்தல்தானே என்று வெறும் தாளில் கணக்குப் போட்டு, விடைகளை ஒவ்வொன்றாக டைப் அடித்தேன். ஒன்றுகூடத் தவறில்லை.

தேர்வாளர் வந்து நிகரச் சம்பளத்தில் கிளிக் செய்தார். வெறும் எண் இருந்தது. அடுத்ததிலும் கிளிக் செய்தார்.

"ஃபார்முலா எங்கம்மா? நீயே கணக்குப் போட்டு எழுதறதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"

"சமக்குறி வேலை செய்யல சார்."

அவர் குனிந்து அந்தக் கீயை அழுத்தினார். திரையில் சமக்குறி விழுந்தது.

என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு பக்கமும் டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. மேடம் எழுந்து வந்து, "சார், அந்தக் கீபோர்டு கொஞ்சம் தகராறுதான்" என்றார்கள்.

"தகராறுன்னா முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே. வாய் இல்லையா?"

மேடம் பதில் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ஆயுதபூஜைக்கு நான்தான் சார் கழுவிட்டேன். அதனாலதான் சொல்லல."

அவர் சிரிக்கவில்லை. அறையிலும் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்தார். "சரி. நான் பாக்கறேன், ஒரே ஒரு ஃபார்முலா போட்டுக் காட்டு" என்றார். கட்டை விரலால் முழு பலத்தோடு அந்தக் கீயை அழுத்தினேன். மூன்றாவது முறை விழுந்தது. மீதியை அடித்து, கீழ்வரை இழுத்துக் காட்டினேன். அவசரத்தில் பட்டியலைத் தாண்டி வெற்றுக் கட்டங்களுக்கும் இழுத்துவிட்டேன், அங்கெல்லாம் பூஜ்யமாக விழுந்தது. அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

வெளியே செருப்பு மாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள். "இன்னாக்கா நீங்க, கூட்டல் குறி போட்டு ஆரம்பிச்சாலும் ஃபார்முலா எடுத்துக்குமே. மேடம் சொல்லிக் குடுத்தாங்களே." எந்த வகுப்பில் என்று நான் கேட்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்று நோட்டீஸ் போர்டில் எல்லாப் பேப்பரிலும் பாஸ். கம்ப்யூட்டரில் மட்டும் தட்டுத்தடுமாறி. லேப் வாசலில் மேடம் நின்றிருந்தார்கள். மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மேடம், அந்த சார் எனக்குத் தெரிஞ்சதுக்கு மார்க் போட்டாரா, பாவம்னு போட்டாரா?"

மேடம் யோசித்தார்கள். "தெரியலக்கா. நான் கேக்கல" என்றார்கள். "அடுத்த செமஸ்டர் இதவிடக் கஷ்டம். லேபுக்கு லீவு போடாம வாங்க."

பஸ்ஸை விட்டு இறங்கினால், மாமியார் குழந்தையோடு ரோட்டோரத்தில் நின்றிருந்தார். எதிரில் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. அவரோடு எப்போதும் போகும் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து, "இன்னாக்கா, மருமவளுக்கு இன்னா ஆச்சாம்?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"இன்னா ஆச்சு?" என்று மாமியார் என்னைக் கேட்டார்.

"பாஸ் அத்தை."

"எல்லாத்திலயுமா?"

"எல்லாத்திலயும்."

"பாசாயிட்டாளாம்" என்று வயல் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு என்னிடம், "அப்ப இன்னும் எத்தினி வருசம் போவணும்?" என்றார்.

சொன்னேன். அவர் குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். "இருக்கட்டும், நீ நடந்து வந்தவ" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நான் பஸ்ஸில்தான் வந்திருந்தேன்.