வலது கையா, இடது கையா

கல்கத்தாவில் நான் வேலை பார்த்த கந்தக அமிலத் தொழிற்சாலையின் தலைமை ரசாயன நிபுணர் ஒல்லியான வங்காளி. கைகள் மட்டும் பயில்வானுடையவை. கோபம் வந்தால் கையிலிருக்கும் குடுவை சுவரில் சிதறும்.

கந்தகப் புகையை அமிலமாக்கப் பிளாட்டினம் நல்ல வினையூக்கியா, இரும்புத் துருவா என்று பார்க்கச் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றையும் ஒரே தடவை சோதித்துவிட்டு, சம்பள உயர்வுக் கனவோடு, "பிளாட்டினம்தான் பாபு!" என்றேன்.

வலது கையால் ஓர் அறை விட்டார். இடது கையால் இன்னோர் அறை. "சொல்லுடா மதராஸி, எந்தக் கைக்குப் பலம் ஜாஸ்தி?"

"கைக்கு ஒரே ஓர் அறையை வைத்து எப்படிச் சொல்வது, பாபு?" என்று அலறினேன்.

"சபாஷ்! இன்னும் எத்தனை வேண்டும்?"

ஓடிப்போய் உலையைப் பற்றவைத்தேன். பிளாட்டினத்துக்கும் துருவுக்கும் கன்னமில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் சோதிக்கலாம். அவருடைய எந்தக் கைக்குப் பலம் என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.