மூடியில் ஒரு தட்டு

பெங்களூர் சந்தாபுராவில் காலையிலிருந்து மழை. போன் இன்னும் ‘டிங்’ என்று ஒலிக்கவில்லை. என்னோடு தங்கியிருக்கும் தங்கை மகள் நித்யா, ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அந்தப் படத்தைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

“ஒரு வார்த்தை பேசக் கூடாதா இந்தப் புள்ளைங்க?” என்பாள் பக்கத்து வீட்டு மேரி.

என் அம்மாவும் அப்பாவும் மட்டும் என்ன பேசினார்கள்? கோலார் தங்கவயலில், சுரங்க வேலை முடிந்து வரும் அப்பா தெருமுனையில் சைக்கிள் மணி அடிப்பார். புளிக்குழம்பு மணக்கும் தகர வீட்டுக்குள்ளிருந்து அம்மா கரண்டியால் அலுமினிய மூடியில் ஒரு தட்டு தட்டுவாள். அவ்வளவுதான்.

ஒருநாள் நேரங்கெட்ட நேரத்தில் சுரங்கச் சங்கு ஊதியது. உள்ளே பாறை சரிந்துவிட்டது என்றார்கள். அம்மா கரண்டியோடு வாசலிலேயே நின்றாள். பொழுது சாய்ந்தபின் அந்த மணி கேட்டது. உள்ளே ஓடி, மூடி நெளியும்வரை தட்டினாள்.

“ஏன்டி, அந்த மூடி என்னாடி பண்ணுச்சு உன்னை?” என்று சிரித்தபடி வந்தார் அப்பா.

மதியம் போன் ‘டிங்’ என்றது. கட்டைவிரல். நான் சிவப்பு ஹார்ட்டை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன்.

உடனே போனில் நித்யாவின் குரல் வந்தது: “பெரிம்மா, போதும்! மீட்டிங்ல எல்லாரும் என்னையே பாக்குறாங்க!”