மூன்று கை தீனி

அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த நாட்களில்தான் எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி வந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வருவதாக அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் ஒப்புக்கொண்டுவிட்டதுதான் சண்டை. அது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். குஜராத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கத் தெரிந்தது போதும் என்று இருந்தேன்.

கடையைச் சேத்தியாத்தோப்புக்கு மாற்றிக்கொண்டு போன ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர், வேண்டாம் என்று விட்டுப்போன தொட்டி அது. கூழாங்கல்லும், மூன்று சிவப்பும் ஒரு கறுப்புமாக நாலு கோல்டு ஃபிஷ்ஷும் அதோடு வந்தன. அப்பா பட்டறையிலிருந்து விளிம்பு உடைந்த இரண்டு வாத்துப் பொம்மைகளைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார். அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் இத்தனையும் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாளில் தண்ணீர் கஞ்சி வடித்ததுபோல் ஆனது. ஒரு காலையில் கண்ணாடியில் தலைமுடியைவிட மெல்லிசாக வெள்ளை வெள்ளையாக எதுவோ நெளிந்தது. கூர்ந்து பார்த்தால் புழு. ஒன்றிரண்டு இல்லை, கல்லிடுக்கு முழுக்க.

"ஒங்கப்பாகிட்ட சொல்லு, வூட்டுக்குள்ள புழு வளக்கறாருன்னு. அந்த வாத்து பொம்மையிலேருந்துதான் வந்திருக்கும்" என்றாள் அம்மா. அப்பா மூன்றடி தள்ளி நின்று சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"சூளையில வெந்து வந்த பொம்மையில புழு எப்புடி இருக்கும்னு ஒங்கம்மாவைக் கேளு" என்றார் அவர்.

நான் இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சொன்னேன். அந்த நாட்களில் எனக்கு அதுதான் வேலை.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்று சாயங்காலம் கறுப்பு மீன் வாத்தின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. நான் அழுத அழுகையில் அப்பா என்னை வண்டியில் உட்கார வைத்து நெய்வேலிக்கு ஓட்டினார். அங்கே கலர் மீன் விற்கிற கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தன வாட்டி தீனி போடறீங்க?" என்றார்.

"ஒரே வாட்டிதாங்க. காலையில வேலைக்குப் போறப்ப நான் போடுவேன்" என்றார் அப்பா.

"ஸ்கூல் விட்டு வந்து நானும் போடுவேன்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கடைக்காரர் சிரித்தார். "அந்தப் புழு மீனை ஒண்ணும் செய்யாது, சார். மிச்சத் தீனி கல்லுக்கடியில அழுவுது, அதைத் தின்னு பெருகுது. தண்ணி கெட்டதாலதான் மீன் மேல வந்து மூச்சுக்கு அல்லாடுது. மொத்தத் தண்ணியையும் மாத்திடாதீங்க, மூணுல ஒரு பங்கு போதும். பைப்புத் தண்ணியில மருந்து இருக்கும், ஒரு நாள் பக்கெட்டுல புடிச்சு வெச்சிருந்து ஊத்துங்க."

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியைச் சரியாக நிறுத்தக்கூட இல்லை. நேராக சமையலறை வாசலில் போய் நின்றார். "நீ எதாச்சும் போடறியா மீனுக்கு?"

கேட்ட பிறகுதான் பேசிவிட்டோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். காதைச் சொறிந்துகொண்டார். அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"மத்தியானம் ஒரு கை பொரி" என்றாள் மெதுவாக. "வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சுங்க. பசியாக்கும்னு நெனச்சேன், பாவம்."

திரும்பிக்கூடப் பார்க்காதவள் என்று நாங்கள் நினைத்திருந்த அம்மா! முதலில் சிரித்தது அவள்தான். அப்பா அடக்கப் பார்த்து முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

குளிப்பதற்குப் பிடித்து வைத்திருந்த பழைய தண்ணீர் அன்றைக்கு மீனுக்குப் போனது. அப்பா ரப்பர் குழாயைக் கல்லுக்குள் விட்டுக் கிளறக் கிளற, அழுக்கும் புழுவும் ஊறிப்போன பொரியுமாக வாளியில் வந்து விழுந்தன. அம்மா குழாயின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை இதே வேலை நடந்தது. குழாயைப் பிடித்தபடி அவர்கள் தணிந்த குரலில் நிறையப் பேசினார்கள். "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்று அம்மா சொன்னதும், "வரலைன்னு சொல்லிடறேன். எதுவா இருந்தாலும் சேந்து யோசிப்போம்" என்று அப்பா சொன்னதும் காதில் விழுந்தன. நான் கறுப்பு மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அது நிமிர்ந்து வாலை ஆட்டியது. அப்பாடா என்று இருந்தது.

இரண்டு வாரத்தில் தண்ணீர் பளிங்காகிவிட்டது. கண்ணாடியில் தேடினாலும் புழு இல்லை. இனி வாரம் ஒருமுறை மாற்றினால் போதும் என்று அப்பா சொன்னபோது எனக்குப் பயம் வந்தது. வேலை இல்லாவிட்டால் இவர்கள் மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டால்?

அடுத்த நாள் சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தீனி டப்பாவில் பாதியைத் தொட்டியில் கொட்டினேன்.

காலையில் தண்ணீர் மறுபடியும் கலங்கியிருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். "யாரு இவ்வளவு போட்டது?"

நான் குனிந்து பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களை அடுக்கினேன். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "நான்தாங்க. கை தவறிடுச்சு."

அப்பா தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் மாத்தணும். வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

தப்பித்தோம் என்ற நிம்மதியில் நான் பள்ளிக்கூடத்துக்குத் துள்ளிக்கொண்டு ஓடினேன். ஸ்டூல் போடாமலேயே அம்மாவின் கைக்குத் தொட்டி எட்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.