மண் வெட்டிய இடம்

தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயம். மழையில் உதிர்ந்த, சமைக்கிற குசினியின் சுவரைப் பூச, கொழுந்தன் பூட்ஸ் போட்டுப்போய் இரண்டு மூட்டை மண் வெட்டிவந்தான். சாணமும் தண்ணீரும் சேர்த்து வெறுங்காலால் மிதித்தேன். மூன்று வயது மகளும் இறங்கவேண்டும் என்று அழுதாள். சளி பிடித்திருந்ததால் விடவில்லை. நல்லவேளை! மாலைக்குள் என் பாதமெல்லாம் எரிந்து கொப்புளித்துவிட்டது.

"இது எங்க வெட்டின மண்ணு தம்பி?" என்று கேட்டேன்.

"புல்லு சாக அடிக்கிற மருந்து டாங்கி கழுவுற இடத்துல, அண்ணி. கிட்டத்துல இருந்துச்சு."

"அப்ப நீ மட்டும் எதுக்குப் பூட்ஸ் போட்டு வெட்டின?"

தெரிந்தேதான் தந்திருக்கிறான்! இன்னும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

இப்போது வெட்டும் இடத்தை நானே போய்ப் பார்க்காமல் எந்த மண்ணையும் குழைப்பதில்லை. மிதிக்கும் வேலை கொழுந்தனுக்குத்தான். அதுவும் வெறுங்காலோடு.