ஒரு முழத் தகட்டைத் தேடி கும்மிடிப்பூண்டிக்கு

காலை 7.15. சென்ட்ரலில் பதினைந்து ரூபாய்க்குச் சீட்டு எடுத்து கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினேன். நாற்பத்தெட்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் என்று அலுத்துக்கொண்டேன். மடியில் நான் எழுதிக்கொண்டிருந்ததோ லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் பறந்த விமானத்தின் கதை.

ஒலியைப்போல இரு மடங்கு வேகம். 1976இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய கான்கார்டு 2003இல் ஓய்ந்தது. ஒலியை முந்தும்போது எழும் அதன் வெடியோசைக்குப் பயந்து, நிலப்பரப்புக்கு மேல் அந்த வேகத்தில் பறக்கப் பல நாடுகள் விடவில்லை. அதுவரை எழுதிவிட்டேன். 2000ஆம் ஆண்டு பாரிஸ் விபத்தில் பேனா நின்றது. முன்னால் போன விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த ஒரு முழத் தகடு டயரைக் கிழித்ததில் கான்கார்டு தீப்பிடித்து விழுந்து, 113 பேர் இறந்தார்கள். அப்படியொரு தகட்டைக் கையில் பிடித்துப் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. என் கிறுக்கு அப்படி.

9.10. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். பழைய இரும்பு யார்டைப் பார்த்துக்கொள்பவர் பழவேற்காட்டு நசீர் பாய். இரும்பு உருக்கும் உலைக்குப் போகும் ஒவ்வொரு துண்டையும் அவர் பார்த்த பிறகே லாரியில் ஏற்றுவார்களாம். இரண்டு முனையும் மூடிய பொருள் உலையில் வெடித்து உருகிய இரும்பை வாரி இறைக்கும். அவருடைய தம்பி அப்படித்தான் இறந்தார்.

பாரிஸ் விபத்தைச் சொல்லி நான் கேட்டதற்காக பாய் தானே குவியலுக்குள் இறங்கித் தேடி, ஒரு தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளிக்கூட அளவுகோல் கனம்தான் இருந்தது. அதற்குள் லாரி கேட்டை நெருங்கிவிட்டது. பாய் பார்த்துவிட்டார் என்று நினைத்து ஆட்கள் ஏற்றிவிட்டிருந்தார்கள். பாய் ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றார்.

எளாவூர்க்கார டிரைவர் எட்டிப் பார்த்தார். “இன்னா பாய், எல்லாம் பாத்ததுதானே? டைம் ஆவுது, பேஜாரு பண்ணாத.”

“நான் பாக்கல. எறக்கு.”

முழு லோடையும் கொட்டினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, அடியிலிருந்து இரண்டு பக்கமும் மூடிய பழைய ஷாக் அப்சார்பர் ஒன்று வந்தது. பாய் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னால்தான் இப்படி ஆயிற்று என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையிலிருந்த தகட்டைப் பார்த்தார்.

“அந்த ஏரோப்ளேன் தகடு எவ்ளோ நேரம் சார் ரன்வேல கெடந்துச்சி?”

“அஞ்சு நிமிஷம்தான் பாய்.”

“பாவம். நமக்கு லாரி கேட்டுக்குப் போற வரைக்கும் டைம் இருந்திச்சி.”

தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும் வண்டி பொன்னேரியில் வெகுநேரம் நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அலுப்பு வரவில்லை. இன்று உலையடியில் நிற்பவர்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பும்வரை குறிப்பேட்டைத் திறக்கவில்லை.