பூங்காவுக்கு அளவெடுத்த டெய்லரக்கா

பதினோரு வருஷமாக வெல்டருக்கு டெய்லரக்கா மேல் ஒரு காந்தல். காரணம், இரண்டே இரண்டு அங்குலம்.

தெருமுனைப் பூங்காவுக்குக் கேட் செய்யும் வேலை அவனுக்குத்தான் வந்தது. தூண் கட்டி முடித்த அன்றைக்குப் பார்த்து, மச்சினன் வீடு மாற்றுகிறான் என்று சாமான் தூக்க வெளியூர் போயிருந்தான். பூங்கா ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்த டெய்லரக்கா, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துத் தூணுக்குத் தூண் அளந்து, "பத்தடி, தம்பி" என்று போனில் சொல்லிவிட்டாள். இவனும் அதை நம்பி இரும்பை அறுத்தான். கேட்டைத் தூக்கி நிறுத்தப் போனால், உள்ளே நுழையவில்லை. இருந்த இடம் ஒன்பதடி பத்து அங்குலம்.

"பக்கத்துக்கு ஒரு அங்குலம் தையலுக்கு விட்டுட்டேன் தம்பி. கைப்பழக்கம்."

"இது என்ன சட்டையாக்கா, உள்பக்கம் மடிச்சுத் தைக்க?"

"நீயாவது ஒரு தடவை அளந்து பார்த்திருக்கக்கூடாதா? துணி வெட்டுற நானே ரெண்டு தடவை அளக்குறேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனுக்கு ஆறவே இல்லை. துணிக்குக் கூட்டி அளப்பார்கள், கேட்டுக்குக் குறைத்து அளப்பார்கள். அது அவளுக்குத் தெரியாதது குற்றமில்லை. ஆனால் பழியைத் தூக்கி அவன் தலையிலேயே போட்டாளே! தெருவே கூடி வேடிக்கை பார்க்க, கேட்டை அங்கேயே அறுத்து ஒட்டினான். அன்றோடு அவனுக்குப் பேர் 'ஒட்டுக்கேட்டு' என்று ஆனது. விவரம் தெரியாதவர்கள், இந்த ஆள் அடுத்த வீட்டுச் சுவரில் காது வைக்கிறவன்போல என்று நினைத்து, அவன் எதிரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பேர்தான் வந்துவிட்டதே, அப்படியே ஆகிவிடுவோம் என்று வீம்பு பிடித்தான். ஆலோசனைக் குழு மாதம் ஒருமுறை, முதல் சனிக்கிழமை, நூலக மாடியில் கூடும். யார் வேண்டுமானாலும் போய்க் கடைசி வரிசையில் உட்காரலாம். ஒருத்தரும் போவதில்லை. இவன் போனான். டெய்லரக்கா எங்கே தப்பாகப் பேசுவாள், பிடித்துக்கொள்ளலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவளும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எதிர்க்கட்சி வந்தாச்சு, ஆரம்பிங்க" என்பாள்.

அவள் அந்தக் குழுவுக்கு வந்ததே வேடிக்கை. ஒரு பெண், ஒரு உழைப்பாளி, ஒரு வயதானவர் என்று மூன்று பேர் வேண்டும் என்றார்களாம். மூன்றும் ஒரே ஆளாகக் கிடைக்கவும் நகராட்சிக்கு நிம்மதி. மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், மேலே இரண்டு அறை, அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். புருஷன் போன பிறகு அந்த மெஷினை மிதித்தே மகளைக் கரையேற்றினாள். தெருவில் யார் இடுப்பு எத்தனை, யார் இருப்பதைவிடக் குறைத்துச் சொல்கிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே விடமாட்டாள்.

குழுவில் அவள் பெரிய பேச்செல்லாம் பேசவில்லை. பெஞ்சுகளை நடைபாதை பார்த்து வரிசையாகப் போட வந்தார்கள். "வரிசையா உட்கார இதென்ன பஸ்ஸா? மூஞ்சி பார்த்துப் போடுங்க" என்றாள். எதிரும் புதிருமாகப் போட்டார்கள். ஆறு மாதத்தில் ஒரு பெஞ்சில் சதுரங்கம், ஒன்றில் பாட்டு, ஒன்றில் பேப்பர் படித்துச் சண்டை. நிழல் விழுகிற பக்கம் பார்த்து மரம் வைக்கச் சொன்னவளும் அவள்தான். இதையெல்லாம் கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வெல்டருக்கு எரிச்சல். குறை சொல்ல ஒன்றும் சிக்கவில்லை.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. பூங்காவை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அவள் மெஷினை மூட ஏழாகும். "வேலைக்குப் போறவங்களுக்குப் பூட்டுதான் பார்க்கக் கிடைக்குது" என்று ஆறு வருஷமாகக் கேட்டாள், இரவு எட்டரை வரைக்கும் திறந்து வையுங்கள் என்று. விளக்கில்லை, காவலுக்கு ஆளில்லை என்று தட்டிக்கழித்தார்கள். கடைசியில் நகராட்சி இறங்கிவந்தது. குழுவில் பாதிக்கு மேல் கை தூக்கினால் விளக்குப் போட்டு மூன்று மாதம் திறந்து பார்ப்போம், இல்லையென்றால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது.

குழுவில் ஏழு பேர். மூன்று பேர் சரி, மூன்று பேர் வேண்டாம். ஏழாவது கை அவளுடையது. கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வர முடியாதவர்கள் கடிதம் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம் என்று விதி உண்டு. வெல்டருக்கு ஆள் விட்டாள்.

"என்னையா? உங்க பொண்ணை அனுப்புங்கக்கா."

"அவளுக்கு என்ன தெரியும்? பதினோரு வருஷத்துல ஒரு கூட்டம் விடாம வந்தவன் நீ ஒருத்தன்தான். மெம்பருங்களே அப்படி வரலை."

"உங்க மேல இருந்த கடுப்புல வந்தேன்."

"எதுக்கு வந்தா என்ன? காதுல விழுந்துச்சுல்ல."

"நான் மாத்திக் கை தூக்கிட்டா?"

"தூக்கு. ஏன்னு சொல்லிட்டுத் தூக்கு."

கூட்டத்தில் கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு. ரிட்டயரான ஹெட்மாஸ்டர் எழுந்து, "இருட்டின பிறகு திறந்து வச்சா கண்டவங்க வந்து உட்காருவாங்க" என்றார். சும்மா கை தூக்கிவிட்டு வந்துவிடத்தான் வெல்டர் போயிருந்தான். அந்த ஒரு வார்த்தையில் சுருக்கென்றது.

"கண்டவங்கன்னா யாரு சார்? நான் ஏழரைக்குக் கடை சாத்துறேன். கார்மெண்ட் கம்பெனிப் பொண்ணுங்க ஆறரைக்கு வெளிய வருதுங்க. நாங்கதான் கண்டவங்களா? அந்தக் கேட்டைச் செஞ்சவனே ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சார் உள்ள போறான்."

தூக்கிய கையை எண்ணி முடிக்கிறவரை இறக்கவில்லை. நாலுக்கு மூன்று.

விளக்குப் போட்டு முடிக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் டெய்லரக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். திறக்கிற நாள் காலையில் வெல்டர் போய்ப் பார்த்தான். அவளுக்கு மூச்சு வாங்கியது. நன்றி என்று அவள் சொல்லவில்லை, மன்னிச்சுக்கோ என்றும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்த்துப் போகவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விடுவாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்து தம்பி. போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துட்டு, யார் யார் வந்தாங்கன்னு எனக்கு வந்து சொல்லு."